படத்தைக் கிழித்த பாடகி

(கலை இலக்கியக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் அயர்லாந்துப் பாடகியின் கதை. ஷினேட் ஓகானர் என்பது அவர் பெயர். 1966 டிசம்பர் 8-ந் தேதி டப்ளின் நகரில் பிறந்து, 2023 ஜூலை 26-ந் தேதி லண்டனில் தமது 56-வது வயதில் காலமானார். அவர் நம் நாட்டவரல்லர். நம் கட்சியைச் சேர்ந்தவருமல்லர். கர்நாடக சங்கீதமும், கிராமியப் பாட்டும், சினிமாப் பாட்டும் கேட்டுப் பழகிய நம் காதுக்கு, அவர் பாடிய 'ராக்' இசை சற்று அந்நியமாகக்கூடத் தோன்றலாம். "கித்தாரும் டிரம்மும் அலறுகிற இந்த மேனாட்டுப் பாட்டைப் பற்றிக் கம்யூனிஸ்டுகளுக்கு என்ன பேச்சு?" என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு அந்தப் பெண்மணியின் வாழ்க்கையே பதில் சொல்லட்டும்.

அந்தச் சனிக்கிழமை இரவு

1992 அக்டோபர் 3-ந் தேதி. நியூயார்க் நகரில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டெலிவிஷன் நிகழ்ச்சி நடக்கிறது. பதிவு செய்து, வெட்டி ஒட்டிக் காட்டுகிற நிகழ்ச்சியல்ல. மேடையில் நடப்பது நடந்தபடியே அமெரிக்கா முழுவதும் வீடுகளுக்குப் போய்ச் சேரும். மொட்டையடித்த தலை, வெள்ளை உடை, பக்கத்தில் எரியும் மெழுகுவர்த்திகள். 25 வயதுப் பெண் ஒருத்தி வாத்தியம் ஏதுமின்றி வெறுங்குரலில் பாடுகிறாள்.

அவள் பாடியது ஜமைக்காவின் மக்கள் பாடகர் பாப் மார்லியின் 'வார்' என்ற பாட்டு. 1963-ல் ஐக்கிய நாடுகள் சபையில் எதியோப்பியச் சக்கரவர்த்தி ஹெய்லே செலாஸி நிறவெறியையும் காலனி ஆதிக்கத்தையும் கண்டித்துப் பேசிய பேச்சிலிருந்து எழுந்த பாட்டு அது. அதில் ஓரிடத்தை மாற்றி, குழந்தைகள் மீது இழைக்கப்படும் கொடுமையைச் சேர்த்துப் பாடினாள். பாட்டு முடியும் தறுவாயில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அவர்களின் படத்தைக் காமிராவின் முன் தூக்கிப் பிடித்தாள். துண்டு துண்டாகக் கிழித்தாள். "உண்மையான எதிரியை எதிர்த்துப் போராடுங்கள்!" என்று கூறிவிட்டு மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்தாள்.

அரங்கத்தில் ஒரு கைதட்டல்கூட எழவில்லை. அத்தனை பேரும் உறைந்து போயிருந்தார்கள்.

மறுநாள் முதல் அவர் மீது வசைமாரி பொழிந்தது. ஆயிரக்கணக்கானோர் டெலிவிஷன் கம்பெனிக்கு டெலிபோனில் கண்டனம் தெரிவித்தனர். அந்தக் கம்பெனி அவரை மீண்டும் தன் வாசலில் ஏற்றவே இல்லை. அடுத்த வாரமே அதே மேடையில் ஜோ பெஸ்கி என்ற நடிகர், கிழிந்த படத்தை ஒட்டவைத்துக் காட்டி, தாம் அங்கிருந்தால் அவளுக்கு அறை கொடுத்திருப்பேன் என்று பேசினார். கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. நியூயார்க் வீதியில் அவருடைய இசைத் தட்டுக்களைக் குவித்துப் போட்டு ரோடு உருளையை ஏற்றி நொறுக்கினார்கள். "பைத்தியக்காரி" என்றன பத்திரிகைகள்.

அவர் ஏன் கிழித்தார் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அந்தக் கேள்வியை இன்று நாம் கேட்போம்.

கொடி மாறிய நாடு

அதற்கு அயர்லாந்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் நம்மைப் பிடிப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அயர்லாந்தைப் பிடித்துவிட்டது. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் மக்கள் மாண்டார்கள். ஜனங்கள் பட்டினியில் சாகும்போதே தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. வங்கப் பஞ்சத்தைக் கண்ட நம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பஞ்சத்தைப் பற்றி ஷினேட் 1994-ல் ஒரு பாட்டே பாடியிருக்கிறார்.

1916-ல் டப்ளினில் ஆயுதப் புரட்சி வெடித்தது. அதன் தலைவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கானலி என்ற மார்க்சியவாதி, தொழிற்சங்கத் தலைவர். காயம்பட்டு நிற்க முடியாதிருந்த அவரை நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டுக் கொன்றது ஆங்கில அரசு. கானலி 1897-லேயே தம் நாட்டாருக்கு ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார்: ஆங்கிலேயனின் பட்டாளத்தை விரட்டிப் பச்சைக் கொடியை ஏற்றினால் மட்டும் போதாது, சோஷலிசக் குடியரசை அமைக்காவிட்டால் பழைய ஆதிக்கம் வேறு வழியில் தொடரும் என்றார்.

1922-ல் அயர்லாந்தின் பெரும்பகுதி விடுதலை பெற்றது. கானலி அஞ்சியபடியே நடந்தது. அதிகாரத்துக்கு வந்த சொத்துடைமையாளர்கள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அனாதை இல்லம் ஆகிய பொறுப்புக்களைப் பெருமளவுக்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் விட்டனர். 1937-ல் இயற்றிய அரசியல் சட்டம் திருச்சபைக்குத் தனி அந்தஸ்து அளித்தது. விவாகரத்தைத் தடை செய்தது. தனி அந்தஸ்து பற்றிய வாசகம் 1972-ல் நடந்த மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகே நீங்கியது. 1979-ல் போப்பாண்டவர் அயர்லாந்துக்கு விஜயம் செய்தபோது டப்ளினில் ஒரே இடத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். நாட்டின் மொத்த ஜனத்தொகையே அப்போது சுமார் 34 லட்சந்தான்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஏழை ஜனங்களின் நம்பிக்கையை நாம் பரிகசிக்கவில்லை. ஏகாதிபத்தியத்தின் கீழ் அந்த ஜனங்களுக்கு அவர்கள் மதம் ஓர் ஆறுதலாகவும் அரணாகவும் இருந்தது உண்மை. நாம் பேசுவது, அந்த நம்பிக்கையை முதலாக்கி அதிகாரம் செலுத்திய ஒரு ஸ்தாபனத்தைப் பற்றி. அதனோடு கைகோத்து நின்ற அரசைப் பற்றி.

கூலியில்லாச் சலவைச்சாலை

ஷினேட்டின் பெற்றோர் பிரிந்தனர். விவாகரத்துக்கு வழியில்லாத நாடு. தாயின் வீட்டில் அந்தச் சிறுமி பட்ட அடியும் உதையும் கொஞ்சமல்ல. பிற்காலத்தில் அவரே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்குப் போகாமல் சுற்றினாள், கடைகளில் திருடினாள் என்பதற்காக, பதின்ம வயதில், டப்ளினின் டிரம்கோண்ட்ரா பகுதியில் ஹை பார்க் என்ற இடத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சீர்திருத்த இல்லத்தில் சேர்க்கப்பட்டாள். சுமார் ஒன்றரை ஆண்டு அங்கே இருந்தாள்.

இந்த ஹை பார்க் என்ன இடம்? அங்கேதான் 'மக்தலேனா சலவைச்சாலை' ஒன்றும் இருந்தது. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்கள், ஆதரவற்ற பெண்கள், பலாத்காரத்துக்கு ஆளான பெண்கள், துடுக்கானவள் என்று பெயரெடுத்த சிறுமிகள் ஆகியோரை அடைத்து வைத்து, பிறர் அழுக்குத் துணியை வெளுக்கச் செய்த இல்லங்கள் இவை. வெளியே பூட்டு. உள்ளே பல பெண்களுக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. வேறு பெயர் சூட்டினார்கள். காலை முதல் மாலை வரை கொதிநீர், சோடா, இஸ்திரி. ஓட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் துணி அனுப்பின. அரசு இலாகாக்களும் காண்ட்ராக்ட் கொடுத்தன. துணி வெளுத்ததற்கு வந்த பணம் இல்லத்தின் கணக்கில் ஏறியது. வெளுத்த பெண்ணுக்குக் கூலி ஒரு காசு கிடையாது.

தோழர்களே! உழைப்புச் சுரண்டலைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறோம். கூலியே கொடுக்காத சுரண்டல் இது! அதற்குச் சூட்டிய பெயர் 'பாவ விமோசனம்'. அடிமை முறைக்குப் புண்ணியப் பட்டம்!

அரசு பின்னாளில் நடத்திய விசாரணையின் அறிக்கை 2013-ல் வெளியாயிற்று. 1922 முதல் 1996 வரை சுமார் 10,000 பெண்கள் இவ்வில்லங்களில் இருந்ததாகவும், சேர்க்கைகளில் கால்வாசிக்கு மேற்பட்டவை அரசின் சம்பந்தத்துடன் நடந்தவை என்றும் அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. கடைசிச் சலவைச்சாலை மூடப்பட்டது 1996-ல். எந்த நூற்றாண்டுக் கதை என்று எண்ணுகிறீர்கள்? கம்ப்யூட்டர் வந்த பிறகு நடந்த கதை!

ஷினேட் சலவைச்சாலைப் பெண்ணாக இருந்தவரல்லர். பக்கத்து இல்லத்துச் சிறுமி. ஒருமுறை தண்டனையாக அவரை, வயோதிகப் பெண்கள் மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்த அறையில் இரவு படுக்க வைத்தார்கள். இரவெல்லாம் அந்தக் கிழவிகள் முனகிக்கொண்டும் கன்னியாஸ்திரீகளைக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். வந்து பார்க்க ஆளில்லை. ஆயுள் முழுவதும் சலவைத் தொட்டியில் கழித்தவர்கள் அவர்கள் என்பதைப் பிறகு உணர்ந்தார். அடங்காவிட்டால் நீயும் இப்படித்தான் முடிவாய் என்பதே அந்தத் தண்டனையின் பொருள் என்று அவர் புரிந்துகொண்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இல்லத்திலேயே ஒரு கன்னியாஸ்திரீ அவர்மீது இரக்கங்கொண்டு கித்தார் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஸ்தாபனம் கொடுமையானது, அதற்குள்ளும் மனிதர்கள் இருந்தார்கள். ஷினேட் இதை நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

1985-ல் தாயார் மோட்டார் விபத்தில் இறந்தார். அவருடைய படுக்கையறைச் சுவரில் போப்பாண்டவரின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதை எடுத்துத் தம்முடன் வைத்துக்கொண்டார் மகள். போன இடமெல்லாம் கொண்டு போனார். ஏழு ஆண்டுகள் கழித்து நியூயார்க் மேடையில் கிழித்தது அதே படத்தைத்தான்.

சந்தைக்கு அடங்காத குரல்

அவருடைய குரலைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். கிசுகிசுப்பாய்த் தொடங்கும், ஒரே மூச்சில் ஓலமாக உயரும். இசைத் தட்டுக் கம்பெனிக்காரர்கள் இந்தக் குரலில் பணத்தைக் கண்டார்கள். தலைமயிரை நீள வளர்த்துக்கொள், குட்டைப் பாவாடை போடு என்று புத்தி சொன்னார்கள். அவர் நேராகப் போய்த் தலையை மொட்டையடித்துக்கொண்டு வந்தார்! முதல் இசைத் தட்டைத் தயாரிக்கும்போது கர்ப்பமாயிருந்தார். கருவைக் கலைத்துவிடு என்று கம்பெனித் தரப்பில் நிர்ப்பந்தம் வந்தது. மறுத்தார், மகனைப் பெற்றார். 1987-ல் 'தி லயன் அண்ட் தி கோப்ரா' என்ற அந்தத் தொகுப்பு வெளியானது. தயாரித்தவரும் அவரே. அப்போது வயது 20.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கருவைச் சுமந்தே தீரவேண்டும் என்றது அவர் நாட்டுச் சட்டம். கருவைக் கலைத்தே தீரவேண்டும் என்றது லண்டன் கம்பெனி. திருச்சபை பெண்ணின் உடலைத் தன் சொத்து என்கிறது. முதலாளி தன் மூலதனம் என்கிறான். "முடிவு செய்ய வேண்டியவள் நான்" என்று இருவரிடமும் சொன்னவர் ஷினேட். 1992-ல், பலாத்காரத்துக்கு ஆளான 14 வயதுச் சிறுமியொருத்தி கருச்சிதைவுக்காக இங்கிலாந்து செல்வதை அயர்லாந்து அரசு கோர்ட் உத்தரவு வாங்கித் தடுத்தது. அதை எதிர்த்து டப்ளின் வீதியில் இறங்கிய கூட்டத்தில் அவரும் நின்றார்.

1990-ல் பிரின்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் இயற்றிய ஒரு காதல் சோகப் பாட்டைப் பாடி உலகப் புகழ் பெற்றார். பல நாடுகளில் விற்பனையில் முதலிடம். இனி வாயை மூடிக்கொண்டு பணத்தை எண்ணலாம். அவரோ அதே தொகுப்பில், தாட்சர் ஆட்சியின் லண்டனில் கறுப்பின இளைஞர்கள் போலீசார் கையில் படும் பாட்டைப் பாடியிருந்தார். 1983-ல் லண்டன் போலீஸ் நிலையம் ஒன்றில் துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்த 21 வயதுக் கறுப்பின இளைஞன் காலின் ரோச்சின் பெற்றோர் படத்தைத் தட்டின் உறையிலேயே அச்சிட்டிருந்தார்.

1989-ல் அமெரிக்காவின் 'கிராமி' விருது விழாவில், கறுப்பு இளைஞர்களின் 'ராப்' இசைக்கான விருதை டெலிவிஷனில் காட்ட மறுத்தார்கள். 'பப்ளிக் எனிமி' என்ற கறுப்பினக் குழுவின் சின்னத்தைத் தம் மொட்டைத் தலையில் வரைந்துகொண்டு மேடையேறிப் பாடினார் ஷினேட். 1991-ல் அவருக்கே கிராமி பரிசு அளித்தார்கள். வேண்டாம் என்று மறுத்தார். இசையுலகம் உண்மையைவிடப் பணத்தையே மதிக்கிறது என்றார். அமெரிக்க விமானங்கள் ஈராக்கின் மீது குண்டு பொழிந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

1990 ஆகஸ்டில் நியூஜெர்சியில் ஒரு கச்சேரி. தொடங்குமுன் அமெரிக்க தேசிய கீதம் இசைப்பது அரங்கத்தாரின் வழக்கம். அதை இசைத்தால் நான் மேடையேற மாட்டேன் என்றார். உடனே தேசபக்தர்கள் குதித்தெழுந்தார்கள். ரேடியோ நிலையங்கள் அவர் பாட்டை நிறுத்தின. பிராங்க் சினாட்ரா என்ற பெரிய பாடகர் அவளை உதைக்க வேண்டும் என்றார். இந்த எதிர்ப்பை ஷினேட் எப்படிச் சந்தித்தார் தெரியுமா? வேறோர் ஊரில் தம் கச்சேரிக்கு வெளியே தமக்கு எதிராகவே ஆர்ப்பாட்டம் நடப்பதைக் கேள்விப்பட்டு, பொய்முடி வைத்துக்கொண்டு அந்த ஆர்ப்பாட்டத்தில் போய்க் கலந்துகொண்டார்! டெலிவிஷன்காரருக்கு, ஷினேட்டைக் கண்டிக்க வந்தவளைப் போலவே பேட்டியும் கொடுத்தார். அடக்குமுறையைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த நெஞ்சம் அது.

மாடிசன் சதுக்கத்தில்

படம் கிழித்த 13-வது நாள், 1992 அக்டோபர் 16. நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். பாப் டிலன் இசைத்துறைக்கு வந்து 30 ஆண்டு நிறைவு விழா. டிலன் யார்? 1960-களில் யுத்தத்தையும் நிறவெறியையும் எதிர்த்துப் பாடிப் புகழ்பெற்றவர். அவரைக் கொண்டாட வந்த கூட்டம், எதிர்ப்புப் பாட்டின் அருமை தெரிந்த கூட்டம் என்றுதானே நினைப்போம்?

ஷினேட் மேடைக்கு வந்ததும் ஊளைச் சத்தம் எழுந்தது. சிலர் ஆதரித்தும் முழங்கினார்கள். இரண்டும் கலந்த பேரிரைச்சல். அவர் அசையாமல் நின்றார். வாத்தியக்காரர்கள் ஆரம்பிக்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சைகை காட்டினார். கிரிஸ் கிரிஸ்டாபர்சன் என்ற மூத்த பாடகர் அருகில் வந்து, இந்தப் பயல்களுக்காக மனம் தளராதே என்று காதில் சொன்னார். ஷினேட், அன்று பாடவேண்டிய டிலன் பாட்டைக் கைவிட்டு, மைக்கை உரக்க வைக்கச் சொல்லி, மார்லியின் அதே பாட்டை மீண்டும் தொண்டை கிழிய முழங்கிவிட்டு மேடையை விட்டிறங்கினார். கிரிஸ்டாபர்சன் அவரை அணைத்துக்கொண்டார்.

முப்பதாண்டுக்கு முந்திய எதிர்ப்பைக் காசு கொடுத்துக் கேட்க வந்தவர்களுக்குக் கண்முன் நிற்கிற எதிர்ப்பைச் சகிக்க முடியவில்லை. எதிர்ப்பையும் சரக்காக்கி, உறையிலிட்டு விலைக்கு விற்கத் தெரிந்தது முதலாளித்துவம். வாழ்ந்து முடிந்த புரட்சிக்காரனுக்கு விழா எடுக்கும். வாழ்கிற புரட்சிக்காரனை ஊளையிட்டு விரட்டும். இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வழக்கமென்று நாம் மார்தட்ட வேண்டாம்.

அமெரிக்கச் சந்தையில் அவர் பிறகு பழைய இடத்தைப் பெறவேயில்லை. ஆனால் தம் வாழ்க்கையைத் தடம் புரட்டியது முதலிடம் பெற்ற அந்தப் பாட்டுத்தான், படத்தைக் கிழித்தது தம்மைச் சரியான தடத்துக்குத் திருப்பியது என்றே 2021-ல் வெளியான தம் சுயசரிதையில் அவர் கருதினார்.

சரித்திரத்தின் தீர்ப்பு

இனி தேதிகளைப் பார்ப்போம்.

1993: ஹை பார்க் கன்னியாஸ்திரீகள் தங்கள் நிலத்தை வீடு கட்டும் வியாபாரிக்கு விற்றார்கள். அதில் சலவைச்சாலைப் பெண்களின் இடுகாடும் இருந்தது. 133 சடலங்களை எடுக்க அனுமதி வாங்கினார்கள். தோண்டியபோது மேலும் 22 சடலங்கள் கிடைத்தன, ஆக 155. பல பெண்களுக்கு இறப்புச் சான்றிதழே இல்லை. சிறுமி ஷினேட் படுத்திருந்த இல்லத்தின் அருகே இருந்த மண் அது!

1994: சிறுவர்களைப் பல ஆண்டுகள் சீரழித்த பாதிரியார் ஒருவரை ஒப்படைப்பதில் நடந்த தாமதம் பெரும் நெருக்கடியாகி, அயர்லாந்து அரசாங்கமே கவிழ்ந்தது.

2001: குழந்தைகள் மீது பாதிரிமார் இழைத்த கொடுமைக்காக இரண்டாம் ஜான் பால், படத்தில் இருந்த அதே போப்பாண்டவர், மன்னிப்புக் கேட்டார்.

2009: திருச்சபை நடத்திய தொழிற்பள்ளிகளையும் சீர்திருத்த இல்லங்களையும் பற்றிய விசாரணைக் கமிஷன் ஐந்து பாகங்களில் அறிக்கை தந்தது. ஏழைகளின் பிள்ளைகள் தலைக்கு இவ்வளவு என்று அரசின் மானியத்தில் அங்கே அடைக்கப்பட்டு, அடி, பட்டினி, பலாத்காரம் ஆகியவற்றுக்கு இலக்கானது அம்பலமாயிற்று. 2010-ல் அடுத்த போப்பாண்டவர் அயர்லாந்து மக்களுக்குக் கடிதம் எழுதினார். அது வெறும் ஒப்புக்கு எழுதியது என்று அமெரிக்கப் பத்திரிகையில் எழுதியவர் ஷினேட்.

2013: அயர்லாந்துப் பிரதமர் பாராளுமன்றத்தில் சலவைச்சாலைப் பெண்களிடம் மன்னிப்புக் கோரினார்.

மன்னிப்பு சரி, நஷ்ட ஈடு? இங்கேதான் வர்க்க நியாயம் வெளிப்படுகிறது. 2002-ல் அரசு மதச் சபைகளுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. சபைகள் 12.8 கோடி யூரோ பெறுமானமுள்ள பணமும் சொத்தும் தந்தால் போதும், மீதிப் பொறுப்பு அரசுடையது. பிள்ளைகளுக்கான நஷ்ட ஈட்டுச் செலவு ஏறத்தாழ 150 கோடி யூரோ வரை போயிற்று. சலவைச்சாலைகளை நடத்திய நான்கு சபைகளோ, அந்தப் பெண்களுக்கான நிதிக்குக் காசு தர மறுத்துவிட்டன. குற்றம் செய்தவர் யாரோ, பில் கட்டியது வரி செலுத்தும் உழைப்பாளி!

சட்டங்களும் மாறின. 1995-ல் விவாகரத்து உரிமை சுமார் 9,000 வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்து வந்தது. 2015-ல் ஒருபாலினத்தவர் திருமண உரிமையை 62 சதவிகித மக்கள் ஆதரித்தனர். 2018 மே 25-ல் கருச்சிதைவுத் தடை 66.4 சதவிகித வாக்குகளால் நீக்கப்பட்டது.

இந்தக் கடைசி வெற்றியில் நம் நாட்டுப் பெண்ணொருத்தியின் உயிரும் கலந்திருக்கிறது. கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 31 வயது, 2012 அக்டோபரில் கால்வே நகர ஆஸ்பத்திரியில் கருச்சிதைவு ஏற்படும் நிலையில் சேர்ந்தார். கரு பிழைக்காது என்று தெரிந்தும், அதன் இதயத் துடிப்பு இருக்கும்வரை அகற்ற முடியாது என்றார்கள். இது கத்தோலிக்க நாடு என்று அவரிடம் சொல்லப்பட்டது. இரத்தத்தில் விஷமேறி அக்டோபர் 28-ல் இறந்தார். அவருடைய படத்தை ஏந்திக்கொண்டு அயர்லாந்துப் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். ஆறாண்டுப் போராட்டத்தில் சட்டத்தை வீழ்த்தினார்கள்.

நாம் கற்க வேண்டியது

ஷினேட்டைத் தெய்வமாக்குவது நம் வேலையல்ல. அவரிடம் தவறுகள் இருந்தன. இளமையில் அயர்லாந்து ஆயுதக் குழுவை ஆதரித்துப் பேசி, பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 2018-ல் இஸ்லாத்தைத் தழுவிய கையோடு பிற மதத்தாரை இழித்து எழுதி, பிறகு வருந்தி மன்னிப்புக் கேட்டார். மனநோயுடன் நெடுநாள் போராடினார். 2022 ஜனவரியில் 17 வயது மகனைப் பறிகொடுத்தார். கடைசிவரை கடவுளைத் தேடியவர் அவர், நாத்திகர் அல்லர். தாம் உண்மையென்று நம்பியதை விலை பேசாமல் சொன்னார் என்பதே அவரிடம் நாம் மதிப்பது.

அதைவிட முக்கியமான பாடம் ஒன்றுண்டு. 1992-ல் அந்த மேடையில் அவர் தனியாக நின்றார். சங்கமோ இயக்கமோ பின்னால் இல்லை. ஆகவே ஒரே வாரத்தில் அவரை நசுக்கிவிட முடிந்தது. அயர்லாந்து மாறியது எப்போது? பாதிக்கப்பட்டவர்களே ஒன்றுகூடியபோது. 1993-ல் ஹை பார்க் சடலங்களுக்காகக் கமிட்டி அமைத்த பெண்கள், ஆவணங்களைத் தேடி அலைந்த குடும்பங்கள், வீடு வீடாகச் சென்று ஓட்டுக் கேட்ட இளைஞர்கள் மாற்றினார்கள். கலைஞர் நெருப்பைப் பற்றவைக்கலாம். அடுப்பெரிய விறகு சேர்ப்பது ஸ்தாபனத்தின் வேலை. பற்றவைத்த கலைஞரை அணைந்துபோக விடாமல் காப்பதும் ஸ்தாபனத்தின் வேலையே. அன்று உலகெங்கும் முற்போக்காளர்களில் எத்தனை பேர் அந்தப் பெண்ணுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள்? "விளம்பரத்துக்காகச் செய்கிறாள்" என்று நம்மைப் போன்றவர்களும் ஒதுக்கிவிடவில்லையா? இந்தக் கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2023 மார்ச்சில் தலைசிறந்த அயர்லாந்து இசைத் தொகுப்புக்கான விருதை அவருக்கு அளித்தார்கள். கிராமியை மறுத்த அவர் இதை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டு அயர்லாந்திலுள்ள அகதிகள் ஒவ்வொருவருக்கும் சமர்ப்பித்தார். அகதிகளுக்கு எதிராக வெறுப்புக் கூட்டங்கள் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த சமயம் அது.

ஆகஸ்ட் 8-ந் தேதி, அவர் வாழ்ந்த பிரே என்ற கடற்கரை ஊரில் இறுதி ஊர்வலம். ஆயிரக்கணக்கானோர் சாலையோரம் நின்றார்கள், ஜனாதிபதி வந்தார், இமாம் பிரார்த்தனை நடத்தினார். அன்று கிழித்ததை ஏசிய பத்திரிகைகள் எல்லாம் அவளைத் தீர்க்கதரிசி என்று எழுதின. செத்த பிறகு!

ஆனால் கணக்கு இன்னும் தீரவில்லை. அயர்லாந்தின் டூவம் என்ற ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய தாய் சேய் இல்லத்தில் 1925 முதல் 1961 வரை இறந்த 796 குழந்தைகளின் எலும்புகளைத் தேடும் பணி 2025 ஜூலையில்தான் ஆரம்பமாயிற்று. உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் இறப்புப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அந்த 796 பெயர்களையும் திரட்டினார். அவரையும் முதலில் ஊரார் விரும்பவில்லை.

தோழர்களே! நம்மிடையேயும் அனாதை இல்லங்கள் உண்டு; விடுதிகள் உண்டு; பூட்டிய கதவுக்குள் கூலியின்றி வேலை வாங்கும் இடங்கள் உண்டு; மடமும் கோவிலும் சபையும் எதுவானாலும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறவர்கள் உண்டு. அங்கிருந்து ஒரு சிறுமி வெளியே வந்து, நமக்குப் பிடிக்காத இசையில், நமக்குப் பழக்கமில்லாத கோலத்தில், நாகரிகக் குறைவான முறையில் உண்மையைக் கத்தலாம். அப்போது முதலில் அவள் தலைமயிரைப் பார்க்காமல், அவள் சொல்வதைக் கேட்போம். கேட்டபின் அவள் பக்கத்தில் போய் நிற்போம்.

அந்தத் துணிச்சலான கலைஞருக்கும், பெயர் தெரியாமல் ஹை பார்க் மண்ணில் கிடந்த 155 உழைப்பாளிப் பெண்களுக்கும் நமது அஞ்சலி.